பைக் மாஸ்டர்மேல் எனக்கிருந்த பொறாமை

டிரைவிங் ஸ்கூலில் புதிதாக மாஸ்டராகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும், கிளட்சை எப்படி விடச் சொல்லித்தருவது, ரிவர்ஸ் எப்படி எடுக்கவைப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டாலும் சீக்கிரம் தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் வரக்கூடிய இரண்டு வியாதிகளைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். ஒன்று முதுகுவலி. அதற்குத் தைலம் இருக்கிறது. இன்னொன்று, நம்மைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற ஒருவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும்போது வருவது. அதற்கு நான் இன்றுவரை மருந்து கண்டுபிடிக்கவில்லை.

அந்த ஒருவனின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதினால் அவனுக்கு இன்னும் கொஞ்சம் புகழ் சேரும், ஏற்கெனவே இருப்பதே அதிகம். பாளையங்கோட்டையில் எல்லாரும் அவனைப் பைக் மாஸ்டர் என்றார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஸ்கூலில் ஒரு கிழட்டு அம்பாசடரும் ஒரு வெள்ளை மாருதியும் இருந்தன. நான்தான் பெரிய மாஸ்டர். பெரிய மாஸ்டர் என்றால் மாருதி என் பொறுப்பில் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதிலேயே எனக்கு மிதப்பு தாங்காது. என் காரில் பழகிய யாரும், பழகுகிற காலத்தில் ஒரு கோழியைக்கூட இடித்தது கிடையாது. பக்கத்து சீட்டில் நமக்கென்று ஒரு பிரேக் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதன்மேல் என் வலது கால் எப்போதும் இருக்கும். அப்போது பல கார்களில் இடது பக்கக் கண்ணாடியே வராது. நான்தான் கண்ணாடி. முன்னால் பார்ப்பேன், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பேன், சைக்கிள், மொபெட், பைக் எல்லாம் ஒதுங்கிவிட்டதா என்று பார்ப்பேன், பிறகு 'போலாம்' என்பேன். ஓட்டுகிறவர் போவார். 'பைய' என்பேன், மெதுவாகப் போவார். ஊரில் கார் வைத்திருந்த வக்கீல், டாக்டர், பேராசிரியர் என்று எத்தனையோ பேர் இப்படி என் சொல் கேட்டுத்தான் காரோட்டிகள் ஆனார்கள்.

இந்த நேரத்தில்தான் அவன் வந்து சேர்ந்தான். மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தவன். கீழே ஏரல் வரை, மேலே பாபநாசம் வரை டாக்டர்களைப் பார்க்கப் பைக்கிலேயே திரிந்தவன். ஒரு விபத்தில் வலது முழங்கால் நொறுங்கி, நாள் பூராவும் வண்டி ஓட்ட முடியாமல் போனதும் அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் முதலாளியிடம் வந்தான். லேசாக நொண்டுவான். ஆனாலும் தேய்த்த சட்டை, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பான ஷூ, எதிராளியை நாற்காலியைவிட்டு எழவிடாத ரெப் பேச்சு. எனக்கு அவனைக் கண்ட அன்றே பிடிக்கவில்லை. விபத்து எப்படி நடந்தது என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் கேட்கவில்லை.

அவன் பாடம் நடத்துகிற விதத்தைப் பார்த்து முதலில் நான் சிரித்தேன். கார் பழக வந்தவரை முதல் நாள் காரிலேயே ஏற்றமாட்டான். தன் பைக்கின் பின்னால் உட்காரவைத்து, பஸ்கள் நெரிக்கிற காலை நேரமாகப் பார்த்து வண்ணார்பேட்டை வழியாக ஜங்ஷன் வரை கூட்டிப்போய்த் திரும்புவான். பெண்கள் என்றால் வீட்டுக்காரர் வண்டியிலோ தம்பி வண்டியிலோ பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு இவன் கூடவே போவான். திரும்பி வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பான்: எந்தக் காரைப் பார்த்து ரொம்பப் பயந்தீர்கள், அந்தக் காரோட்டி உங்களைப் பார்த்தானா? கார் பழகவந்த மனுஷனை எதற்கு இப்படிப் பைக்கில் ஏற்றிப் பயமுறுத்த வேண்டும் என்று நான் முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

காரில் ஏறின பிறகாவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தானா என்றால் அதுவும் இல்லை. அவன் வாயிலிருந்து 'போலாம்' என்ற சொல்லே வராது. தெருமுக்கில் கார் நிற்கும், பின்னால் நிற்பவன் ஹாரனை அமுக்கிப் பிடிப்பான், பழகுகிறவர் வியர்த்துப்போய் 'போலாமா மாஸ்டர்' என்று கேட்பார். இவன் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்? ஓட்டுதது நீங்க" என்பான். முன்பக்கக் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கிற கம்பிக்குப் பின்னால் ஒரு பைக் முழுசாக மறைந்துவிடும் என்று சொல்லி, திரும்பும்முன் எல்லாரையும் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவைப்பான். அவனிடம் பழகியவர்கள் கோயில் யானை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு பாளையங்கோட்டையைச் சுற்றி வந்தார்கள். டெஸ்டில் அவன் ஆட்கள் கொஞ்சம் பேர் தவறினார்கள். நின்று நின்று போகிறார்களாம், இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை இல்லை. அன்று நான் ஸ்கூலில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்தேன், எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. புதிதாகச் சேர வருகிறவர்கள் என் முகத்துக்கு நேராகவே "பைக் மாஸ்டர் எப்ப ஃப்ரீயா இருப்பாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் மாருதி சும்மா வெயிலில் நிற்கும், அவனுடைய அம்பாசடருக்கு ஆட்கள் காத்துக்கிடப்பார்கள். லைசென்ஸ் வாங்கிப் போனவர்கள்கூட தீபாவளிக்கு அல்வா பொட்டலத்தோடு அவனைத் தேடி வந்தார்கள். என்னிடம் பழகியவர்கள் வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பார்கள், அவ்வளவுதான். அல்வாவை அவன் எல்லாருக்கும் பங்குவைப்பான். எனக்கு அது தொண்டையில் இறங்காது, ஆனாலும் சாப்பிடுவேன்.

ஒரு முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை. வாசலில் வரிசையாக நின்ற கார்களின் இடது பக்கத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பைக் உரசினால் கதவில் ஒரு கறுப்புக் கோடு விழும், கைப்பிடி ரப்பர் தேய்த்த கோடு. எந்தக் கார் யாருடையது, யார் யாரிடம் பழகினார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என்னிடம் பழகியவர்களின் கார்களில் அந்தக் கோடு இருந்தது. அவனிடம் பழகியவர்களின் கார்கள் சுத்தமாக இருந்தன. ஒன்றிரண்டில் இருந்துவிடாதா என்று கடைசிக் கார் வரை தேடினேன். மண்டபத்து வாட்ச்மேன் வந்து என்ன அண்ணாச்சி தொலைஞ்சுபோச்சு என்று கேட்டான்.

வெறுப்பில் என்ன செய்வேன் என்றால், அவன் காதில் விழும்படி என் டாக்டரம்மாவைப் பற்றிப் பேசுவேன். அவர் பாளையங்கோட்டையில் பிரசவ டாக்டர். என்னிடம்தான் கார் பழகினார். வாரந்தோறும் முக்கூடலில் உள்ள தன் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தானே ஓட்டிக்கொண்டு போவார். இந்தப் பக்கத்தில் அப்போது ஒரு பெண் தனியாக அவ்வளவு தூரம் காரோட்டிப் போவதென்றால் சும்மாவா? இதைச் சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "கேள்விப்பட்டிருக்கேன் அண்ணாச்சி" என்பான். அவனுக்கும் பொறாமை வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் அந்த டாக்டரம்மாவே ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். டாக்ஸியில் வந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், காப்பி சொல்லிவிட்டேன், அவன் அறையில்தான் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அவனிடம் பேசவேண்டும் என்றார். அவன் எழுந்து வந்தான். அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காலைத்தான் பார்த்தார். முழங்காலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். அப்புறம்தான் எனக்கு எல்லாம் சொன்னார்.

முக்கூடலில் மெயின் ரோட்டிலிருந்து வலது பக்கம் திரும்பினால் அவருடைய ஆஸ்பத்திரித் தெரு. எதிரே ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. அன்று எதிரே பஸ் வந்து நின்றிருக்கிறது. பஸ்தான் நின்றுவிட்டதே என்று இவர் திரும்பியிருக்கிறார். நின்ற பஸ்ஸைத் தாண்டிக்கொண்டு, பாபநாசத்திலிருந்து திரும்பி வந்த ஒரு மருந்து ரெப்பின் பைக் வந்திருக்கிறது. அடிபட்டவனை அவரே தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே இருந்து பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் காரைத் தொடவில்லை, இது எனக்குத் தெரியவே தெரியாது.

"மாஸ்டர், நீங்க பக்கத்துல இருந்த வரைக்கும் எதிர்ல என்ன வருதுன்னு நானாப் பாத்ததே இல்ல" என்றார். "நீங்க போலாம்பீங்க, நான் போவேன். அன்னைக்கும் உங்க குரல் கேட்ட மாதிரியே இருந்துச்சு. திரும்பிட்டேன்."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை, நோயாளியிடம் வியாதியைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். எல்லா ஊரிலும் எல்லா மாஸ்டரும் அப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் நானும் தலையைக் குனியவில்லை. ஆனால் காதெல்லாம் சுட்டது. இத்தனை மாதமாக நான் அவரைப் பற்றிப் பீற்றிக்கொண்டபோதெல்லாம் இவன் அந்த முழங்காலைத் தடவிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறான். டாக்டரம்மா போனபிறகு, ஏன் வே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள் அண்ணாச்சி என்றான். ஆக, பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டான். திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மாவுக்கு இப்போது வேறு வழியில்லை. வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. டாக்ஸியை நம்பிப் போனதில் பிரசவத்துக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்த சம்பவங்கள் நடந்துவிட்டன. ஒரு தாயைக் காப்பாற்றப் பெரும்பாடு பட்டாராம். இனித் தானே ஓட்டிப்போக முடியாவிட்டால் முக்கூடல் ஆஸ்பத்திரியை மூடிவிடுவது என்று முடிவே செய்திருந்தார். முழங்காலைக் காட்டப் போன இவன்தான், "என் கால் சரியாயிட்டு டாக்டர். நீங்கதான் இன்னும் நொண்டுதீங்க" என்று சொல்லி அவரை இழுத்து வந்திருக்கிறான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, டாக்டரம்மா பழகுகிற வரைக்கும் மாருதியை அவனிடம் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தேன். என் மாணவி, என் வண்டி, சொல்லிக்கொடுப்பது அவன். அந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

முதல் பாடம் வழக்கப்படிதான். ஊருக்கு வந்திருந்த வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஜங்ஷன் வரை போய்வந்தார் டாக்டரம்மா. இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது. எல்லாக் காரும் என் முழங்காலைப் பார்த்தே வருகிறது என்றார். அதற்கு அவன் சொன்னதை நீங்கள் ஒவ்வொருவரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், சொன்னவன் யார் என்பதை மறந்துவிடலாம். "கார்ல உக்காந்தா கண்ணு லாரியத் தேடும், பஸ்ஸத் தேடும் டாக்டர். நம்மள அடிக்கக்கூடியது எதுவோ அதத்தான் தேடும். பைக்கு நம்மள ஒண்ணும் செய்யாது. அதனால கண்ணுல விழுந்தாலும் மண்டையில ஏறாது."

இது எனக்குத் தோன்றவில்லையே என்று நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. இத்தனை வருஷம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அதன்பிறகு, கண்ணில் படுகிற ஒவ்வொரு இருசக்கர வண்டியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டவைத்தான். டீக்கடையில் நான் நிற்கும்போது மாருதி கடந்துபோகும், திறந்த ஜன்னல் வழியாக டாக்டரம்மாவின் குரல் கேட்கும்: பால்கேன் வண்டி இடது பக்கம், மொபெட் பின்னால, குடும்பத்தோட ஒரு ஸ்கூட்டர். ஊரே திரும்பிப் பார்க்கும். நாளாக நாளாகக் கை தெளிந்துவிட்டது. ஒன்று மட்டும் வரவில்லை. மெயின் ரோட்டில் வலது பக்கம் திரும்பவேண்டிய இடம் வந்தால் திரும்பமாட்டார். நேராகப் போய், வெகுதூரம் சுற்றி வேறு வழியாக வருவார். முக்கூடல் திருப்பத்தில் ஒருமுறை திரும்பினால்தான் இது தீரும் என்றான் அவன்.

அதற்கு அவன் போட்ட திட்டத்தில்தான் நான் தேவைப்பட்டேன். அவன் எங்காவது வழியில் தன் பைக்கில் குறுக்கிடுவான், எங்கே என்று யாருக்கும் சொல்லமாட்டான். டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட வேண்டும். பக்கத்து சீட்டில் ஒரு மாஸ்டர் வேண்டுமே.

"நீங்கதான் உக்காரணும் அண்ணாச்சி" என்றான். "ஆனா உங்க கால் பிரேக்குல இருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். பழையபடி உங்கள நம்பி ஓட்டிருவாங்க. அந்தக் கால உங்களால எடுக்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. என் காலைப் பற்றி இவன் பேசுகிறான். முடியாமல் என்ன என்றேன். அந்தக் கோபம் அடுத்தநாள் காரில் ஏறும்போதும் இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டேன். இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிவைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, என்ன மாஸ்டர் என்றார். முதுகுவலிம்மா என்றேன்.

ஊர் எல்லையில் இருக்கிற பேட்டையைத் தாண்டி முக்கூடல் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வயல், நல்ல வெளிச்சம். அவர் வண்டிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். புல்லுக்கட்டுக்குள் மறைந்துபோன மொபெட்டைக்கூட விடவில்லை. எங்கும் அவனைக் காணோம். வண்டி எங்கேயாவது பஞ்சராகி நின்றிருக்கும் என்று நினைத்தேன், நினைத்ததும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. முக்கூடல் வந்துவிட்டது.

திருப்பத்தில் டாக்டரம்மா காரை நடுரோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிரே ஸ்டாப்பில் ஒரு பஸ் நின்றது. பீடி சுற்றுகிற தட்டைச் சுமந்துகொண்டு பெண்கள் இறங்கினார்கள். பஸ் அசையவில்லை, ரோட்டில் வேறு ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அமுக்கினான்.

"போலாமா மாஸ்டர்?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன். வழி காலியாகத்தான் இருந்தது. 'போலாம்' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆயிரம் பேருக்குச் சொன்ன சொல், அதுவாகவே வரும். அதை விழுங்கிவிட்டு, என் வாழ்க்கையில் நான் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்த ஒன்றைச் சொன்னேன்.

"எனக்கென்னம்மா தெரியும்? ஓட்டுதது நீங்க."

அவர் தலையை முன்னால் நீட்டிப் பார்த்தார். கிளட்சை விட்டார். கார் அசைந்தது. அந்தக் கணத்தில் பஸ்ஸின் ஓரத்திலிருந்து பைக் வெளியே வந்தது, அவனேதான், நல்ல வேகம். நான் காலை உதறினேன். மடக்கிய கால் மரத்துப்போய்க் கிடந்தது, எனக்குச் சொந்தமில்லாததுபோல. கை ஹேண்ட்பிரேக்குக்குப் போனது, அதன்மேல் அவருடைய மருந்துப்பை இருந்தது. கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் கார் நின்றிருந்தது. பைக் எங்கள் பானட்டை ஒட்டிக் கடந்துபோனது. அவன் ஷூவின் பளபளப்பு கண்ணில் பட்டது. அவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை.

"தட்டு வச்சிருந்தாங்கல்லா ஒரு அம்மா" என்றார் டாக்டரம்மா, ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பஸ்ஸுக்கு முன்னால தாண்ட வந்தவங்க சட்டுனு நின்னுட்டாங்க. எதையோ பாத்துத்தான நிப்பாங்க?"

பிறகு மறுபடியும் தலையை அசைத்துப் பார்த்து, யாரையும் கேட்காமல் திரும்பினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டதும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"சரியான நேரத்துல அமுக்கிட்டீங்க அண்ணாச்சி" என்றான்.

நான் எங்கே அமுக்கினேன் என்றேன். விளையாடாதீங்க என்றான். "நான் எடுக்கச் சொன்னாலும் உங்க கால் அதுல இல்லாம இருக்குமா? நீங்க உக்காந்திருக்கீங்கன்னுதான் நான் தைரியமா வந்தேன். அவங்கள மட்டும் நம்பி வர எனக்கென்ன கிறுக்கா?"

கார்க் கதவு திறந்தே இருந்தது. நான் இன்னும் சம்மணத்தில்தான் இருந்தேன், காலை நீட்ட முடியவில்லை. அவன் என் வெறுங்காலைப் பார்த்தான். கீழே பிரேக்குக்குப் பக்கத்தில் கிடந்த செருப்பைப் பார்த்தான். வந்த நாளிலிருந்து என்னிடம் நீங்க, வாங்க என்று மட்டுமே பேசியவன் அன்றுதான் முறை மாறினான்.

"என்ன வே சொல்லுதீரு?"

ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டான். அப்படியானால் அவங்களேதான் பார்த்தாங்களா என்று மெதுவாகக் கேட்டான். அவங்களேதான் என்றேன். பஸ்ஸையும் பெண்களையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பைக் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். நான் 'போலாம்' சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இத்தனை நாளும் நான் எரிந்துகொண்டிருந்தது அவனைப் பார்த்து. அவனோ என் காலை நம்பித் தன் உயிரைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறான். நான் வீம்புக்கு அந்தக் காலை மடக்கிவைத்திருந்தேன். கெட்டிக்காரர்கள் என்று பெயர் வாங்கிய எங்கள் இரண்டு பேரின் முட்டாள்தனத்துக்கும் நடுவில் ஒரு பெண் ஒழுங்காகப் பார்த்து ஓட்டியிருக்கிறார். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது, இந்தமுறை அவர்மேல்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, காலை மடக்காதீர்கள். பிரேக்கின்மேல் ஏற்றியும் வைக்காதீர்கள். பக்கத்தில் தரையில் இருக்கட்டும், அது அங்கே இருப்பது உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். பழகுகிறவர் 'போலாமா' என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அவர் பார்க்கட்டும். முதலில் ஒருநாள் அவரைப் பைக்கின் பின்னால் உட்காரவையுங்கள். எவன் கண்டுபிடித்த முறை என்று யாராவது கேட்டால், என்னுடையது என்று சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன்.

டாக்டரம்மா வெளியே எட்டிப்பார்த்தார். உள்ளே ஒரு பெண்ணுக்கு வலி வந்திருக்கிறது, கிளம்ப நேரமாகும், நீங்கள் இரண்டு பேரும் போங்கள், காரை நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றார். கேட்பதுபோல இல்லை, சொல்வதுபோலத்தான் இருந்தது. சரி என்றோம்.

அவன் எழுந்து பைக்குக்குப் பக்கத்தில் போனான். சாவியை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி" என்றான்.

"எனக்கு பைக் ஓட்டத் தெரியாது" என்றேன். அதுவரை அந்த ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சைக்கிளிலிருந்து நேராகக் காருக்கு வந்தவன் நான். பைக்கின் பின்சீட்டில்கூட உட்கார்ந்தது கிடையாது.

அவன் சிரிக்கவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். எதிர்க்கடையில் டீ குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான், நான் பின்னால் உட்கார்ந்து அவன் தேய்த்த சட்டையைக் கசங்கக் கசங்கப் பிடித்துக்கொண்டேன். பேட்டைக்குப் பக்கத்தில் எதிரே ஒரு கார் எங்கள்மேல் ஏறிவிடுவதுபோல வந்தது. அவன் ரோட்டைவிட்டு மண்ணில் இறக்கினான். ஓட்டிவந்தவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. என்னிடம் பழகிய பேராசிரியர்தான், நல்ல மனுஷன். கையை உயர்த்தி ஆட்டினேன். அவர் எங்களுக்குப் பின்னால் வந்த லாரியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.